மறைப்புப் பிரிவு

குழந்தைகளின் உரிமைகளைக் காப்பாற்ற ஓர் ஆணையம் இருக்கிறது என்பது பொத்தான்கடைக்காரருக்கு நாற்பத்து மூன்று வயது வரை தெரியாது. தெரியாமலே தன் மகளை ஒன்பது வயது வரை வளர்த்துவிட்டிருந்தார். அது எப்படிச் சாத்தியமாயிற்று என்று பின்னால் ஆணையமே அவரிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டது.

கடை சின்னது. உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் தெருவில் நின்றுதான் பேரம் பேச வேண்டும். சட்டைப் பொத்தான், கோட்டுப் பொத்தான், கொக்கி, ஜிப், எலாஸ்டிக் என்று துணி தவிர தையல்காரனுக்கு வேண்டிய எல்லாம் கிடைக்கும். மகளுக்குத் தாய் இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கடைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். அது முடிந்தால், தட்டில் கலந்து கிடக்கும் பொத்தான்களை இரண்டு துளை, நான்கு துளை என்று பிரித்துப் போடுவாள். யாரும் ஏவுவதில்லை. சும்மா இரு என்றால்தான் அவளுக்குக் கை அரிக்கும். தெருவே அவளை வாலு என்று கூப்பிட்டது. அவளும் அதைப் பட்டம் போல ஏற்றுக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு ஆணையத்தின் மீட்பு வாரம் முடிகிற நாள். மதியம் மூன்றரை ஆகியும் மீட்பு வண்டியில் ஐந்து இருக்கைகள் காலியாக இருந்தன. காலி இருக்கையோடு திரும்பினால் அந்த ஐந்து குழந்தைகளின் உரிமைக்கு யார் பதில் சொல்வது என்ற கவலை முகத்தில் தெரிய, இரண்டு அலுவலர்கள் கடைத்தெருவில் இறங்கினார்கள். முக்காலியில் இருந்தவளிடம் தினமும் இந்த வேலை செய்கிறாயா என்று கேட்டார்கள். தினமும்தான் என்றாள் வாலு, கொஞ்சம் கர்வத்தோடு. காசு தருகிறார்களா என்று கேட்டார்கள். இதற்கு எதற்குக் காசு என்று அவள் திருப்பிக் கேட்டாள். குழந்தைத் தொழிலாளர், அதிலும் கூலியில்லாமல், அதிலும் அது தன் உரிமை என்பதே தெரியாமல் என்று மூன்று வரி எழுதிக்கொண்டார்கள்.

பொத்தான்கடைக்காரர் பின்பக்கத்து அலமாரியில் நீல ஜிப் தேடிக்கொண்டிருந்தார். நாலு எட்டு தூரம். ஜிப்போடு திரும்பியபோது மகள் வண்டிக்குள் இருந்தாள், வண்டிக் கதவு சாத்தியிருந்தது. அலுவலர் பதமாகத்தான் பேசினார். இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கள், சாயங்காலம் வந்து கூட்டிப்போகலாம். ஒரு டஜன் கொக்கியைக்கூட ரசீது இல்லாமல் கைமாற்றிப் பழக்கமில்லாத மனிதர், ரசீது உண்டா என்று கேட்டார். மீட்புக்கு ரசீது கிடையாது என்றார் அலுவலர். இவர் கையெழுத்துப் போட்டார்.

எதிர்க்கடை லேஸ்கார அக்கா கல்லாவை விட்டு இறங்கி வருவதற்குள் வண்டி முனை திரும்பிவிட்டது.

"சரக்கை ஏத்தி விட்டுட்டு வெறுங்கையோட நிக்கிறியேப்பா" என்றாள் அவள். "ஓடு. அவங்க சாயங்காலம்னா நமக்கு இப்பவே."

ஆணையத்தின் கட்டடம் பெரியது. முன்னால் அலுவலகம், பின்னால் மீட்கப்பட்ட குழந்தைகளின் இல்லம். தெருவோரம் இரண்டையும் சேர்த்து நீண்ட சுவர். அதில் குழந்தைகள் கைகோத்து விளையாடும் படம் வரைந்திருந்தது. எந்தக் குழந்தைக்கும் கண், மூக்கு, வாய் கிடையாது. ஓவியனுக்குத் திறமை போதாது என்று பொத்தான்கடைக்காரர் நினைத்தார். அது ஓவியனின் குறையல்ல, ஆணையத்தின் கொள்கை என்பது உள்ளே போன பிறகுதான் புரிந்தது.

வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் அவர் மகளின் முழுப்பெயரைச் சொன்னார். அந்தப் பெண் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, இந்தக் கூரைக்குக் கீழே ஒரு குழந்தையின் பெயரை உரக்கச் சொல்வது குற்றம், முதல் தடவை என்பதால் விடுகிறேன் என்றாள். சரி, என் குழந்தையைக் கூட்டிப்போக வந்தேன் என்றார் இவர். 'என்' என்று சொல்லக்கூடாது, குழந்தை யாருடைய உடைமையும் அல்ல என்று திருத்தினாள். அப்படியானால் ஒரு குழந்தையைக் கூட்டிப்போக வந்தேன் என்றார். எந்தக் குழந்தை என்று கேட்டாள். அவர் வாயைத் திறந்தார். அவள் கையைக் காதுக்குக் கொண்டுபோனாள். அவர் மூடிக்கொண்டார்.

கடைசியில் ஒரு படிவம் கொடுத்தாள். அதில் குழந்தையின் பெயர், தகப்பன் பெயர், வயது, முகவரி, பள்ளி எல்லாம் கட்டம் கட்டியிருந்தது. ஒன்று விடாமல் நிரப்பினார். படிவம் மறைப்புப் பிரிவுக்குப் போயிற்று.

அந்தப் பிரிவின் கதையைச் சொல்லியாக வேண்டும். முன்னொரு காலத்தில், மீட்கப்பட்ட ஒரு பெண்ணின் பெயர் பத்திரிகையில் வந்து, அந்தக் குடும்பம் ஊரைவிட்டே போக வேண்டியதாயிற்று. நியாயமான ஆத்திரத்தில் ஆணையம் ஒரு நியாயமான விதி செய்தது. குழந்தையின் பெயர் வெளியே போகக்கூடாது. ஆனால் காகிதம் என்றைக்கிருந்தாலும் வெளியே போகக்கூடியது. எனவே எந்தக் காகிதத்திலும் பெயர் இருக்கக்கூடாது என்று இரண்டாவது சுற்றறிக்கை வந்தது. பெயருக்குப் பதில் எண் கொடுத்தார்கள். எண்ணைக் கொண்டும் ஆளைக் கண்டுபிடிக்கலாமே என்று யாரோ தணிக்கையில் கேட்டார்கள். எண்ணையும் அடிக்கச் சொல்லி மூன்றாவது சுற்றறிக்கை வந்தது. இப்போது எந்தக் காகிதம் உள்ளே வந்தாலும் முதலில் மறைப்புப் பிரிவுக்குப் போகும். அங்கே கறுப்பு மையால் அடித்த பிறகே மற்ற பிரிவுகளுக்குப் போகும்.

பொத்தான்கடைக்காரரின் படிவமும் அப்படியே போய், தேடுதல் பிரிவுக்கு வந்து சேர்ந்தது. குழந்தையின் பெயர் நிரப்பப்படவில்லை என்று குறிப்பெழுதி அவர்கள் திருப்பி அனுப்பினார்கள்.

இரண்டாவது படிவமும் அப்படியே திரும்பியது. மூன்றாவதைக் கொடுக்கும்போது சாயங்காலம் தாண்டி, மறுநாள் தாண்டி, மறுவாரம் ஆகியிருந்தது. இடையில் அவர் தன் தொழில் மூளையைக் கொஞ்சம் உபயோகித்தார். மை அடித்தால்தானே மறையும் என்று, மகளின் பெயரைத் தையல் ஊசியால் எழுத்து எழுத்தாகக் குத்தி எடுத்துப்போனார். வெளிச்சத்தில் பிடித்தால் பெயர் நட்சத்திரம் மாதிரித் தெரியும்.

மறைப்பாளர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். காதோரம் நரைத்த, சாந்தமான மனிதர். விரல் நுனியெல்லாம் கறுப்பு. கோபப்படவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்று மனதாரப் பாராட்டிவிட்டு, பின்பக்கம் பசை தடவி ஒரு தடிமனான காகிதத்தை ஒட்டினார். நகத்தால் நீவிவிட்டார்.

"சார், அந்தப் பேரை மட்டும் ஒரு தடவை படிச்சுட்டு, உள்ள இருக்கறவங்ககிட்ட வாயால சொல்லிடுங்களேன்" என்றார் பொத்தான்கடைக்காரர்.

"நான் படிக்கறதே இல்லீங்க" என்றார் மறைப்பாளர். "படிச்சா அடிக்க மனசு வராது."

அடுத்த தடவை அவர் புகைப்படம் கொண்டுபோனார். வீட்டில் இருந்ததே அந்த ஒன்றுதான். மனைவியின் மடியில் மூன்று வயது வாலு. மறைப்பாளர் முதலில் குழந்தையின் கண்களுக்குக் குறுக்கே ஒரு பட்டை போட்டார். யோசித்து, முகம் முழுவதையும் அடித்தார். பிறகு இன்னும் யோசித்து, தாயின் முகத்தையும் அடித்தார். அவள் செத்துப்போய் நாலு வருஷம் ஆகிறது, அவள் உங்கள் கணக்கில் குழந்தை இல்லையே என்று பொத்தான்கடைக்காரர் கேட்டார். தாயின் முகத்தைப் பார்த்தால் குழந்தையின் முகம் தெரிந்துவிடும் என்று மறைப்பாளர் விளக்கினார். ஈரம் காயட்டும், உடனே சட்டைப்பையில் வைக்காதீர்கள் என்று அக்கறையாகச் சொல்லிப் படத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

அதன் பிறகுதான் பொத்தான்கடைக்காரர் ஆணையத்தின் தலைவியைப் பார்த்தே தீருவது என்று மாடிப்படியில் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் உள்ளே விட்டார்கள்.

தலைவியின் அறையில் பரிசுக் கோப்பைகள் நிறைய இருந்தன. கதவு நிலையில், ஆள் நெற்றி உயரத்தில், சிவப்புக் கோடு ஒன்று போட்டிருந்தது. தலைவி அவரை உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுக்கச் சொன்னாள். துக்க வீட்டில் பேசுகிறவளைப் போலத் தலையைச் சாய்த்துப் பேசினாள்.

"உங்க ஆதங்கம் புரியுது. ஆனா ஒண்ணு சொல்றேன், பெருமையாவே சொல்றேன். இங்க வந்த ஒரு குழந்தையைக்கூட இதுவரைக்கும் யாராலயும் அடையாளம் கண்டுபிடிக்க முடிஞ்சதில்ல. பத்திரிகைக்காரங்களால முடியல. குழந்தை கடத்தறவங்களால முடியல. ஏன், எங்களாலயே முடியல. அந்த அளவுக்குப் பாதுகாப்பு. நீங்க வெறும் அப்பா."

அந்த 'வெறும்' என்ற சொல்லைக் கடைக்காரர் வாங்கி மனதில் எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார்.

"அப்போ உள்ள வந்த பிள்ளைங்க எப்பதாங்க வீட்டுக்குப் போகும்?"

"பதினெட்டு முடிஞ்சதும். அப்புறம் அது குழந்தை இல்ல. மறைக்க வேண்டியதும் இல்ல. நாங்களே வாசக்கதவைத் திறந்து விட்டுடுவோம்."

"வயசையும் மையில அடிச்சிட்டீங்களே. பதினெட்டு முடிஞ்சதை எப்படிப் பாப்பீங்க?"

தலைவி கதவு நிலையைக் காட்டினாள். தலை அந்தக் கோட்டைத் தொட்டால் பதினெட்டு. குள்ளமான பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று அவர் கேட்டார். அவர்களுக்குக் கூடுதல் காலம் பாதுகாப்புக் கிடைக்கும் என்றாள். இப்போது உள்ளே இருப்பவர்களில் ஒருத்திக்கு இருபத்தாறு வயது இருக்கலாம் என்று மருத்துவர் சந்தேகப்படுகிறார், ஆனால் மருத்துவரின் சந்தேகத்தைவிடக் கோடு நிச்சயமானது என்றும் சொன்னாள். பொத்தான்கடைக்காரரின் மனைவி குள்ளம். மகள் தாயைக் கொண்டு பிறந்தவள்.

கடைக்குத் திரும்பி வந்து இதைச் சொன்னபோது லேஸ்கார அக்கா லேசை முழம் போடுவதை நிறுத்தினாள். அழுகிற ஆளோடு அழுகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"அவங்க சரக்கை வச்சேதான் அவங்களை மடக்கணும்" என்றாள். "வாசல்ல போர்டு வச்சிருப்பாங்கல்ல, குழந்தைக்கு அந்த உரிமை இந்த உரிமைன்னு. கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஒண்ணு விடாம படிச்சிட்டு வா. போர்டுல போட்டதை இல்லைன்னு எந்தக் கடைக்காரனும் சொல்ல முடியாது."

படித்தார். நாற்பது வரி. பெயர் வைத்திருக்கும் உரிமை, குடும்பத்தோடு வாழும் உரிமை, விளையாடும் உரிமை. ஒவ்வொன்றையும் படிக்கப் படிக்க, விலைப்பட்டியல் மட்டும் தொங்கி அலமாரி காலியாக இருக்கும் கடை அவருக்கு ஞாபகம் வந்தது. பன்னிரண்டாவது வரி: தன்னைப் பற்றிய முடிவில் தன் கருத்தைச் சொல்ல ஒவ்வொரு குழந்தைக்கும் உரிமை உண்டு. அந்த வரியை அப்படியே எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதில் எந்தப் பெயரும் இல்லாததால் மறைப்புப் பிரிவால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மனு முதல் தடவையாக முழுசாகத் தலைவியின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது.

தலைவி மகிழ்ந்துபோனாள். அந்த வரியை யாரும் இதுவரை கேட்டதே இல்லையாம். இருபது நாளில் கருத்துக் கேட்பு நிகழ்ச்சிக்கு ஏற்பாடாயிற்று.

இல்லத்துக் கூடத்தில் எட்டிலிருந்து பத்து வயது வரை இருக்கலாம் என்று தோன்றுகிற நாற்பத்தொரு பெண் குழந்தைகளை மூன்று வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே சாம்பல் கவுன். ஒரே கிராப்பு. முகத்தில் அட்டை முகமூடி. எதிரே ஒரு நாற்காலியில் பொத்தான்கடைக்காரர். விதிகளை முன்னதாகவே சொல்லிவிட்டார்கள். குரலும் ஓர் அடையாளம் என்பதால் குழந்தைகளின் குரலைக் கேட்கும் நிகழ்ச்சியில் குழந்தைகள் குரல் எழுப்பக்கூடாது. கையை மட்டும் தூக்கலாம். யாராவது அப்பா என்று கூப்பிட்டாலோ, இவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலோ நிகழ்ச்சி ரத்து, அடுத்தது ஆறு மாதம் கழித்து. அவர் கீழுதட்டைப் பல்லால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தலைவி பேசினாள். குழந்தைகளே, உங்கள் கருத்துக்கு இங்கே அவ்வளவு மதிப்பு உண்டு, அதனால்தான் அதை யாரும் கேட்டுவிடாமல் இத்தனை நாள் பத்திரமாக வைத்திருந்தோம் என்றாள். கை தட்டினார்கள். குழந்தைகளும் தட்டினார்கள்.

பேச்சு நடக்கும்போதே அவர் கண்டுபிடித்துவிட்டார். முகம் இல்லாவிட்டால் என்ன, கால் இருக்கிறதே. இரண்டாவது வரிசையில் மூன்றாவது பிள்ளை இடது பாதத்தை வலது பாதத்தின்மேல் வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் தரையைச் சுரண்டிக்கொண்டு நின்றது. ஒரு மாதத்தில் கணுக்கால் மெலிந்திருந்தது.

அவர் எழுந்து தலைவியின் காதோரம் மெதுவாகச் சொன்னார். "ரெண்டாவது வரிசை, மூணாவது. அதுதாங்க. அந்த நிக்கிற நிலையை நான் பிறந்ததிலருந்து பாக்கறேன்."

தலைவியின் முகம் வெளிறியது. இருபத்திரண்டு வருடத்தில் நடக்காத கசிவு. உடனே நிகழ்ச்சியை நிறுத்தி, எல்லாக் குழந்தைகளுக்கும் முழங்கால் வரை கறுப்புக் காலுறை போட்டு, வரிசையைக் கலைத்து, நேராக நிற்கக் கற்றுக்கொடுத்து மறுபடி கொண்டுவரச் சொன்னாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. திரும்பி வந்தபோது நாற்பத்தொன்றும் நாற்பத்தொரு நூல்கண்டு மாதிரி நின்றன. ஒன்றுகூட ஒரு பாதத்தின்மேல் மறு பாதத்தை வைக்கவில்லை.

"குழந்தைகளே, இவரோட வீட்டுக்குப் போக யாருக்கு விருப்பமோ அவங்க மட்டும் கையைத் தூக்கலாம்."

முன் வரிசையில் ஒரு கை எழுந்தது. பக்கத்தில் ஒன்று. பின்னால் நாலைந்து. பிறகு எல்லாக் கைகளும். நாற்பத்தொரு பேரின் கைகள், சில நன்றாக உயர்ந்து, சில காதுவரை, ஒன்றிரண்டு குழந்தைகள் இரண்டு கையையும். கூடத்தில் சத்தமே இல்லை. அட்டைக்குள்ளிருந்து மூச்சு மட்டும் கேட்டது.

தலைவி எண்ணிப் பார்த்தாள். எழுத்தரைக் கூப்பிட்டுக் குறிப்பெழுதச் சொன்னாள். குழந்தைகளின் கருத்துக் கேட்கப்பட்டது. கருத்து ஏகமனதானது. ஏகமனதானதால் எந்தக் குழந்தையின் கருத்து என்று பிரித்தறிய இயலவில்லை. எனவே முடிவு எடுக்க முகாந்திரமில்லை.

பொத்தான்கடைக்காரர் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். முப்பது வருடம் பேரம் பேசிய மனிதர். எத்தனையோ தடவை, ஒன்றைப் பொறுக்க முடியாதபோது மூட்டையாகவே வாங்கியிருக்கிறார். ஆனால் அப்போது அவர் பேரமாகச் சொல்லவில்லை.

"எல்லாரையும் குடுத்துடுங்க" என்றார். "எல்லாரையும் நான் கூட்டிட்டுப் போறேன்."

ஒரு கணம் தலைவிக்குப் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தாள். ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகளைக் கேட்கும் வெளியாள் யாராக இருந்தாலும் அவன் குழந்தை கடத்துகிறவன் என்று கொள்ள வேண்டும் என்பது நாற்பத்து நாலாவது விதி. காவலர்கள் வந்தார்கள். குழந்தைகளின் கை இன்னும் இறங்கவில்லை. இறக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை.

அவரைப் பதினேழு நாள் சிறைக்குள் வைத்து, இல்லத்தின் வாசலிலிருந்து நூறு அடிக்குள் வரக்கூடாது என்ற நிபந்தனையில் விட்டார்கள். வெளியே வந்தபோது இல்லத்து வாசல் சுவரில், முகமில்லாத குழந்தைகளின் படத்துக்குப் பக்கத்தில், ஓர் ஆள் உயரச் சுவரொட்டி ஒட்டியிருந்தது. அவருடைய முகம், கண், மூக்கு, வாய் எல்லாவற்றோடும். முழுப்பெயர், தகப்பன் பெயர், வயது, தெரு, கடை. குழந்தைகளே, இந்த மனிதரிடம் எச்சரிக்கை. அந்த ஆணையத்திலிருந்து இருபத்திரண்டு வருடத்தில் ஒரு முழுப்பெயர் மை படாமல் வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. அவர் குழந்தை அல்லவே, மறைப்பானேன்.

அந்த மாதக் கடைசியில் குழந்தை உரிமை நாள். நூறு அடிக்கு அப்பால், ஒரு டீக்கடைக் கம்பத்தில் சாய்ந்து அவர் நின்றார். லேஸ்கார அக்காவும் கடையைப் பூட்டிவிட்டுக் கூட வந்திருந்தாள். கதவு திறந்தது. முகமூடியும் காலுறையுமாக அந்த நாற்பத்தொரு குழந்தைகளும் இரண்டிரண்டு பேராக ஊர்வலம் வந்தார்கள். கையில் அட்டை, அட்டையில் பெயர் வைத்திருக்கும் உரிமை, குடும்பத்தோடு வாழும் உரிமை.

சுவரொட்டிக்கு எதிரே வந்ததும் வரிசையில் ஒரு பிள்ளை நின்றுவிட்டது. பின்னால் வந்தவை அதன்மேல் முட்டிக்கொண்டு நின்றன. அது அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எக்கி, சுவரில் இருந்த முகத்தின் கன்னத்தில் உள்ளங்கையை வைத்தது. வைத்துக்கொண்டே நின்றது. மேற்பார்வைக்கு வந்த அம்மாள் நகரச் சொல்லி அதட்டினாள். அது நகர்ந்தது. அடுத்த பிள்ளை வந்து அதே கன்னத்தில் கை வைத்தது. அதற்கடுத்தது. எட்டாதவை தாடையைத் தொட்டன. நாற்பத்தொன்றும் தொட்டுவிட்டுத்தான் போயின.

லேஸ்கார அக்கா எது, எது நம்ம பிள்ளை என்று கேட்டாள். பொத்தான்கடைக்காரர் கடைசிப் பிள்ளை முனை திரும்பும்வரை வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மதியம் ஆணையத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. குழந்தைகளின் கைபட்டு எச்சரிக்கைச் சுவரொட்டியில் உள்ள முகம் அழுக்காகிறது. ஆகவே குழந்தைகளின் நலன் கருதி, இனிமேல் அது அவர்களுடைய கை எட்டாத உயரத்தில் ஒட்டப்படும். மூன்று மணிக்கு ஏணியோடு ஆள் வந்தான்.